காற்றின் கொந்தளிப்பும் விமானியின் கரமும்

1963-ஆம் வருஷம் பிப்ரவரி 12-ஆம் தேதி பிற்பகல், இடிமேகங்கள் சூழ்ந்த மயாமி நகரிலிருந்து சிகாகோவை நோக்கிப் புறப்பட்ட ஒரு போயிங் ஜெட் விமானம், சில நிமிஷங்களுக்குள் ஆகாயத்திலேயே சிதறி எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் வீழ்ந்தது. அதில் இருந்த 43 பேரும் மாண்டனர். விசாரணை நடத்திய அமெரிக்க விமானப் போக்குவரத்து வாரியம், மேலும் கீழுமாய் வீசிய கடுங்காற்றும், விமானத்தின் மூக்கை ஏற்றவும் இறக்கவும் செலுத்தப்பட்ட பெரிய அசைவுகளும் ஒன்றுக்கொன்று பாதகமாய்ச் சேர்ந்துகொண்டதே விபத்தின் காரணம் என்று முடிவு செய்தது. காற்றை மட்டும் அறிந்தவராலும் விமானத்தை மட்டும் அறிந்தவராலும் இத்தகைய விபத்தை முன்னறிய இயலாது.

விமானத்தைத் தனியே ஆராயும் முயற்சி பழையது. அமெரிக்க விமான ஆராய்ச்சி ஆலோசனைக் குழுவின் முதல் அறிக்கையே, 1915-இல், காற்று மோதும்போது விமானம் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றி எழுந்தது. பின்னர், ஒழுங்கே அற்றதாகத் தோன்றும் காற்றின் குமுறலில் எவ்வளவு பெரிய சுழல்களில் எவ்வளவு சக்தி தங்கியிருக்கிறது என்பதை டிரைடன், வான் கார்மன் ஆகிய மேதைகளின் பெயரால் வழங்கும் சூத்திரங்கள் வகுத்துக் கூறின. எஞ்சியவன் விமானத்தைச் செலுத்தும் மனிதன். நேற்றுச் செய்ததை இன்று செய்யாத அவன் நடத்தையை எந்தச் சமன்பாட்டில் அடக்குவது?

டுவேன் மெக்ரூயர் முதலிய அறிஞர்கள் 1950-களிலும் 1960-களிலும் கண்ட விடையை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு மேலிடுகிறது. பழகிய விமானி, விமானத்தின் சுபாவத்துக்கு ஏற்பத் தன் சுபாவத்தையே மாற்றிக்கொள்கிறான்: மந்தமாய் அசையும் விமானத்தில் வரப்போவதை முன்கூட்டியே உணர்ந்து கையை நகர்த்துகிறான்; துடிப்பாய் அசையும் விமானத்தில் கையை அடக்கிக்கொள்கிறான்; இரண்டையும் சேர்த்து நோக்கினால், விமானம் வேறுபட்டாலும் அக்கூட்டின் நடத்தை ஏறக்குறைய ஒரே வடிவத்தில் வந்து நிற்கிறது. மனிதனைத் தனியே கணிக்க மாட்டாத சாஸ்திரத்துக்கு, விமானத்தோடு இணைந்த மனிதன் இவ்வாறு வசப்படுகிறான்.

ஆயினும் கண் கண்டதைக் கை செய்து முடிக்க, விநாடியில் ஒரு சிறு பாகம் கழிந்துவிடுகிறது. அதை எந்தப் பயிற்சியாலும் முற்றும் போக்க முடியாது. ஆடும் ஊஞ்சலை நிறுத்த முயல்கிறவன் சற்றே காலந்தவறிக் கை வைத்தால், ஆட்டம் தணிவதற்குப் பதில் பெருகுவதைக் கண்டிருக்கிறோம். அவ்வாறே, ஒவ்வோர் உலுக்கலையும் உடனுக்குடன் திருத்த முனையும் விமானியின் கை, சில சமயம் காற்றுக்கே துணைபோய்விடுகிறது. வேகங்காட்டும் முள்ளைத் துரத்தாமல், உயரம் சற்றுக் கூடிக் குறைவதைப் பொறுத்துக்கொண்டு, விமானத்தின் சாய்வு நிலையை ஸ்திரமாகக் காக்கும்படி விமானிகளுக்குப் போதிப்பது இதனால்தான்.

விமானத்தை வரைகிறவர்கள், இறக்கையின் வலிமையைக் கணக்கிடும் அதே சிரத்தையோடு, அதைச் செலுத்தும் கையின் தாமதத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும். சதுப்பு நிலத்தில் மாண்ட அந்த 43 பேருக்கு விமானத் துறை பட்டிருக்கும் கடன் அது.