முகவரியை மறைக்காத ஊர்

ஜப்பானிய மொழியில் 'புராக்கு' என்றால் சிற்றூர், குடியிருப்பு. நம் 'சேரி' போலத்தான். சேர்ந்து வாழும் இடத்தைக் குறித்த சொல், ஒதுக்கப்பட்டவர்களின் இடத்தைச் சுட்டும் சொல்லாகிப்போனது. அங்கே செத்த மாட்டை அகற்றியவர்களும் தோல் பதனிட்டவர்களும் தீண்டத்தகாதவர்களாக வைக்கப்பட்டார்கள். 1871இல் அரசு ஓர் ஆணையால் அந்த இழிநிலையை ஒழித்தது. காகிதத்தில் ஒழிந்தது, அவ்வளவே.

அம்மக்களின் வரலாற்றைச் சொல்லும் சுய்ஹெய்ஷா அருங்காட்சியகம், நாரா மாகாணத்தின் கோசே நகரில் இருக்கிறது. கொரோனாவின் ஆறாவது அலைக்கு நடுவே, 2022 மார்ச் 3ஆம் நாள் அது புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. சுய்ஹெய்ஷா இயக்கம் தொடங்கி அன்றோடு 100 ஆண்டுகள். 'சுய்ஹெய்' என்றால் மட்டமானது, மேடு பள்ளம் இல்லாதது. கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கும் ரசமட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இயக்கத்துக்கு வித்திட்டவர்கள் அந்த ஊர் இளைஞர்கள் மூவர். சைக்கோ மன்கிச்சி கோயில் குருவின் மகன். சகாமோட்டோ செய்இச்சிரோவின் குடும்பத்துக்குத் தோலிலிருந்து பசை காய்ச்சும் தொழில். மூன்றாமவர் கோமாய் கிசாக்கு. இழிவு தாங்காமல், கடல் கடந்து செலிபஸ் தீவுக்கே குடிபெயர்ந்துவிடலாமா என்றுகூட அவர்கள் யோசித்தார்கள். இலங்கைக்கும் பர்மாவுக்கும் கப்பலேறிய நம் பாட்டன்மாருக்கு இந்த யோசனை புரிந்திருக்கும். இவர்களோ போகவில்லை. 1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் மாநாடு கூட்டினார்கள். பள்ளியில் தான் பட்ட அவமானத்தை 16 வயதுச் சிறுவன் ஒருவன் அந்த மேடையில் பேசினான். மறுஆண்டே கொரியாவின் ஜின்ஜு நகரில், இறைச்சி வெட்டும் பெக்ஜோங் மக்கள் இதேபோல் ஓர் இயக்கம் கண்டார்கள். இரு இயக்கங்களின் உறவைக் காட்டும் ஆவணங்கள் 2016இல் யுனெஸ்கோவின் ஆசிய - பசிபிக் நினைவகப் பட்டியலில் ஏறின.

ஜப்பானில் ஒருவரின் நிறமோ மொழியோ அவரைக் காட்டிக்கொடுக்காது. முகவரிதான் காட்டிக்கொடுக்கும். பழைய சாதி அடையாளம் பதிந்த குடும்பப் பதிவேடுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற நிலை 1968 வரை நீடித்தது. அதை மூடியதும், புராக்கு ஊர்களின் பெயர்ப் பட்டியல்கள் ரகசியமாக விற்பனைக்கு வந்தன. வேலைக்கு விண்ணப்பித்தவர்களை வடிகட்ட நிறுவனங்கள் அவற்றை வாங்கியது 1975இல் அம்பலமானது. அத்தகைய பட்டியலை வெளியிடக் கூடாது என்று டோக்கியோ நீதிமன்றம் 2021 செப்டம்பரில்தான் தீர்ப்பளித்தது. வேலைக்கான படிவத்தில் 'காலனி' என்று எழுதும்போது கை ஒரு நொடி தயங்குமே, அந்தத் தயக்கம் அங்கும் உண்டு. அப்படிப்பட்ட நாட்டில், இந்த ஊர் தன் முகவரியைத் தானே எழுதி வாசலில் மாட்டி, வாருங்கள் என்கிறது.

நமது கிராமங்களில் டீக்கடைப் போராட்ட நோட்டீஸ்களும் நிலமீட்பு மனுக்களும் பெரியவர்களின் தகரப் பெட்டிகளில்தான் கிடக்கின்றன. பெட்டிக்குரிய பெரியவர்கள் பலரைக் கொரோனா கொண்டுபோய்விட்டது. பெட்டி பழைய பேப்பர் கடைக்குப் போகுமுன் பிள்ளைகள் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

அரசு பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. மாட்டுத் தோலில் பெருமுரசு செய்யும் புராக்கு மக்கள் வாழும் ஒசாகாவின் நானிவா பகுதியில் 1985 முதல் ஒரு மனித உரிமை அருங்காட்சியகம் இயங்கிவந்தது. மாநகராட்சி நிதியை நிறுத்தியது. பிறகு நிலத்தைக் காலிசெய்யச் சொல்லி வழக்கும் போட்டது. கொரோனாப் பெருந்தொற்றின் முதல் ஆண்டிலேயே, 2020 மே 31 அன்று, அது மூடப்பட்டது.