பச்சை பெயிண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்! யுத்த ஜீப்பின் உயிர் ‘ரிவிட்’டில்!

டங்… டங்… டங்… டொக்!

அந்த ‘டொக்’ சத்தம் கேட்டால் போதும். ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கும் மெக்கானிக் உதட்டைப் பிதுக்குவார். வெளியே நிற்கும் புரோக்கருக்கு முகம் சுருங்கும். பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு வாங்க வந்தவருக்கு மட்டும் ஒன்றும் புரியாது.

இரண்டாம் உலக யுத்தத்து ஜீப்பை வாங்கிப் புதுப்பித்து, ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில் ஓட்ட வேண்டும் என்ற ஆசை இன்று பலருக்கு இருக்கிறது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இது பெரிய பொழுதுபோக்கு. நம் நாட்டிலும் பித்துப் பிடித்து அலைகிறவர்கள் உண்டு. ஆசை இருக்கிற இடத்தில் ஆசாமிகளும் இருப்பார்கள் அல்லவா?

“சார், பர்மா சண்டைக்குப் போய் வந்த வண்டி. சேசிஸ் அப்படியே ஒரிஜினல். கண்ணை மூடிக்கிட்டு எடுங்க!” என்பார் புரோக்கர்.

கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவர்கள்தான் பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

வாணலி காது

ரிவிட் என்றால் ஏதோ பெரிய தொழிற்சாலை சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் இரும்பு வாணலியை எடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் காது இருக்கிறது. அந்தக் காதைப் பிடித்து வைத்திருப்பது ரிவிட்தான். திருகு கிடையாது, மரை கிடையாது. ஒரு பக்கம் தலையுள்ள ஆணியை ஓட்டையில் விட்டு, மறுபக்கத்தை அடித்து இன்னொரு தலை செய்துவிடுவார்கள். பிறகு அது கழலாது. ஒருவரை வசமாக மாட்டிவிட்டால் “ரிவிட் அடிச்சிட்டான்” என்று பேசிக்கொள்கிறோமே, அது சும்மா வந்த பேச்சா?

ஜீப்பின் அடிச்சட்டத்தைத்தான் சேசிஸ் என்கிறோம். ஏணியைப் படுக்கப் போட்டது போல இருக்கும். நீளவாட்டில் 2 இரும்புத் தண்டு, குறுக்கே கட்டைகள். இவற்றைப் பெரும்பாலும் ரிவிட்தான் பிடித்து நிற்கிறது. ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் கொக்கிகளுக்கும் ரிவிட். ஆனால், கியர் பாக்சைத் தாங்கும் குறுக்குக் கட்டைக்கு மட்டும் போல்ட். ஏன்? கியர் பாக்சைக் கீழே இறக்க வேண்டுமானால் அந்தக் கட்டையைக் கழற்ற வேண்டும். கழற்ற வேண்டிய இடத்தில் போல்ட், கழற்றவே கூடாத இடத்தில் ரிவிட். அன்றைக்கே யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

49 நாள் கெடு

இந்த வண்டி பிறந்த கதையே ஒரு பரபரப்பு. 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு எழுதியது. “இப்படி ஒரு சின்ன வண்டி வேண்டும், 4 சக்கரமும் இழுக்க வேண்டும், முதல் வண்டியை 49 நாளில் தர வேண்டும்” என்று கெடு. பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் கையை விரித்துவிட்டன. பென்சில்வேனியா மாநிலத்தில் பட்லர் என்ற ஊரில் இருந்த பாண்டம் என்ற சின்னக் கம்பெனி துணிந்து இறங்கியது. 1940 செப்டம்பர் 23-ந் தேதி முதல் வண்டியை ராணுவ முகாமில் கொண்டு போய் நிறுத்தியது.

ஆனால் பெரிய ஆர்டர் அதற்குக் கிடைக்கவில்லை. வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் அள்ளிக்கொண்டன. 1945-க்குள் இரண்டும் சேர்ந்து செய்து தள்ளிய ஜீப்புகள் சுமார் 6 லட்சத்து 40 ஆயிரம். யுத்தம் முடிந்து 1947-ல் பம்பாயில் மகிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பை ஜோடிக்க ஆரம்பித்தது. கலெக்டர், தாசில்தார், போலீஸ் என்று நம் ஊர்த் தெருக்களில் ஓடிய ஜீப்புகளின் பரம்பரை அதுதான்.

வெல்டிங் வைத்த வினை

“ரிவிட் தளர்ந்தால் என்ன? ஒரு வெல்டிங் வைத்தால் தீர்ந்தது!”

இப்படிச் சொல்லும் பட்டறைகள் ஏராளம். வேலை 10 நிமிஷம். செலவும் குறைவு. விபரீதம் பிறகு வருகிறது.

ஜீப் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கும்போது ஒரு சக்கரம் மேலே, ஒரு சக்கரம் கீழே. அப்போது சட்டம் முறுக்கிக்கொள்ளும். ஈரத் துணியைப் பிழிவது போல. அது முறுக்கிக்கொள்ளத்தான் வேண்டும். அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ரிவிட் அடித்த மூட்டு அந்த முறுக்கலுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும். நினைத்த இடத்தில் வைத்த வெல்டிங் கொடுக்காது. அதிலும், வெல்டிங் சூடு பட்ட ஓரத்தில் இரும்பின் குணமே மாறிவிடும். முறுக்கு முழுவதும் அந்த ஓரத்தில் போய் விழும். முதலில் மயிரிழை போல ஒரு கீறல். பெயிண்டுக்கு அடியில் அது யார் கண்ணுக்கும் தெரியாது. ஒரு நாள் ஸ்பிரிங் கொக்கி பிய்த்துக்கொண்டு போனால், வண்டி போகிற பக்கத்துக்கு ஸ்டீயரிங் பொறுப்பல்ல!

அதற்காக வெல்டிங்கே கூடாது என்று அர்த்தமில்லை. பழைய ஜீப் சட்டத்தில் கம்பெனியே சில இடங்களில் வெல்டிங் வைத்ததுண்டு. துரு தின்ற தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்கவும் வெல்டிங் வேண்டும். ரிவிட் இருக்க வேண்டிய இடத்தில் வெல்டிங் வைப்பதுதான் தப்பு.

சந்தேகமிருந்தால் அடுத்த சிக்னலில் பக்கத்தில் நிற்கும் லாரியின் அடியில் எட்டிப் பாருங்கள். நீளச் சட்டத்தில் வரிசையாக வட்டத் தலைகள். இன்றும் கனரக வண்டிகளுக்கு ரிவிட், இல்லாவிட்டால் போல்ட்தான்.

நம்பர் விளையாட்டு

இனி கதையின் இன்னொரு பக்கம். இது போலீசாருக்குப் பழக்கமான பக்கம்.

வண்டியின் ஜாதகம் சேசிஸ் நம்பரில் இருக்கிறது. யுத்த காலத்தில் ஃபோர்டு கம்பெனி இடது நீளத் தண்டின் மேல்புறத்தில் நேரடியாக நம்பரைக் குத்தியது. வில்லிஸ் கம்பெனி ஒரு சின்னத் தகட்டில் நம்பர் அடித்து, சட்டத்தின் இடது முன்பக்கம் உள்புறமாகப் பொருத்தியது. வம்பு இங்கேதான். தகட்டைப் பெயர்த்தால் ஜாதகமே மாறிவிடும்! பழைய தகடுகளைப் போலவே புதுசாக அடித்துத் தரும் வியாபாரம் வெளிநாடுகளில் பகிரங்கமாகவே நடக்கிறது. பாடி, சேசிஸ் எல்லாமே புதிதாகச் செய்து பிலிப்பைன்சில் இருந்து வருகின்றன. புதுசு என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. 1943-ம் வருஷத்து வண்டி என்று சொல்லி விற்றால்?

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. முன்பக்கத்துக் குறுக்குக் கட்டையைப் பாருங்கள். குழாய் மாதிரி உருண்டையாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்து வைத்த தொட்டி மாதிரி சதுரமாக இருந்தால் ஃபோர்டு. “ஒரிஜினல் வில்லிஸ்” என்று விற்கிற வண்டியின் மூக்கு சதுரமாக இருந்தால் கதை கந்தல்! முகப்பு ஓட்டைகளையும் எண்ணுங்கள். அழுத்தித் தகட்டில் வெட்டிய யுத்த ஜீப் முகப்பில் 9 ஓட்டை. யுத்தம் முடிந்து வந்த சிவில் ஜீப்பில் 7. சிவில் ஜீப்புக்குப் பட்டி பார்த்து, ராணுவப் பச்சை அடித்து, வெள்ளை நட்சத்திரம் போட்டுவிட்டால் அது யுத்தத்துக்குப் போன வண்டி ஆகிவிடுமா?

ஃபோர்டில் இன்னொரு வேடிக்கை. போல்ட் தலையில் கூட தன் பெயரின் முதல் எழுத்தைப் பொறித்து வைத்தது அந்தக் கம்பெனி. அந்த போல்ட்டுகளுக்காகவே அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

நம்பரை அரைத்து எடுத்துவிட்டு வேறு நம்பர் குத்தும் கில்லாடிகளுக்கும் தப்பிக்க வழியில்லை. நம்பர் குத்தும்போது விழுந்த அடி இரும்புக்குள் ஆழமாகத் தங்கிவிடும். தடய அறிவியல் நிபுணர்கள் அந்த இடத்தை வழவழப்பாக்கி அமிலக் கரைசல் தடவுவார்கள். அடிபட்ட இரும்பு ஒரு விதமாகவும், அடிபடாத இரும்பு வேறு விதமாகவும் அரிக்கும். ரொம்ப ஆழமாக அரைத்திருந்தால் ஒழிய, பழைய நம்பர் மங்கலாக மேலே வந்து நிற்கும்!

50 வயது சட்டம்

அரசாங்கத்தின் கண்ணும் சேசிஸ் மேல்தான். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. முதலில் பதிவு செய்து 50 ஆண்டு தாண்டிய சொந்த உபயோக வண்டியை ‘விண்டேஜ்’ வண்டியாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். புதுப்பிக்க 5 ஆயிரம். நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். ஆபீசுக்குப் போக, வாடகைக்கு விட முடியாது. கண்காட்சி, ஊர்வலம், பழுது பார்ப்பு, இப்படித்தான் ரோட்டுக்கு வரலாம்.

நிபந்தனை ஒன்று உண்டு. வண்டி பழைய உருவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது. ரிவிட்டுக்குப் பதில் ரிவிட் அடித்தால் அதைப் பழுது பார்ப்பு என்று சொல்ல இடமிருக்கிறது. வேறு வண்டியின் சட்டத்தை வெட்டி ஒட்டிவிட்டு அதையே சொன்னால் எந்த அதிகாரி கேட்பார்? 10 நிமிஷ வெல்டிங் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும்.

பழுக்கக் காய்ந்த ஆணி

சரி, ஒழுங்காகச் செய்ய நினைப்பவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில் எது தளர்ந்தது என்று பார்க்க வேண்டும். ரிவிட் தலையின் ஒரு பக்கம் விரலை வைத்துக்கொண்டு மறுபக்கம் தட்டினால் ஆட்டம் விரலில் தெரியும். தலையைச் சுற்றி வெற்றிலைச் சாறு வழிந்தது போலச் செந்நிறத் துருக் கோடு இருந்தாலும் சந்தேகம்தான். மெக்கானிக் தட்டிப் பார்க்கும் ரகசியம் இதுதான். இறுகின ரிவிட் ‘டங்’. தளர்ந்தது ‘டொக்’.

பிறகு தலையை அரைத்து எடுத்து, நடுவில் துளை போட்டு, ஆணியைத் தட்டி வெளியே தள்ளுவார்கள். கேஸ் தீயால் ஊதி எடுப்பது அவசரக்காரன் வேலை. ஓட்டை கோணலாகிவிடும். ஓட்டை கோணலானால் புது ரிவிட்டும் நிற்காது.

ஆணி வெளியே வந்ததும்தான் நிஜ எதிரி தெரியும். 2 தகடுகளுக்கு நடுவே துரு! இரும்பு துருவானால் பல மடங்கு ஊதும். ஊதிய துரு தகடுகளையே அகட்டிவிடும். எதிரிகள் சுட்டும் சாகாத வண்டியை இந்தத் துரு உள்ளேயிருந்து கொல்லும். அதைச் சுரண்டி, சுத்தம் செய்து, உள்பக்கம் பெயிண்ட் அடித்த பிறகுதான் தகடுகளைச் சேர்க்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிப் போகிற பட்டறைதான் அதிகம். வெளியே தெரியாதே!

இனிதான் ஆட்டம். ஒருவர் ரிவிட்டை உலையில் காய்ச்சுவார். சிவப்பு தாண்டி ஆரஞ்சு நிறம் வர வேண்டும். பொறி பறந்தால் இரும்பு கருகிவிட்டது, தூக்கி எறிய வேண்டியதுதான். இடுக்கியால் எடுத்து ஓட்டையில் விட்டதும் ஒருவர் கனமான இரும்புக் கட்டையால் தலையை முட்டுக் கொடுத்துப் பிடிப்பார். இன்னொருவர் மறுபக்கம் காற்றுச் சுத்தியலால் அடிப்பார். கருப்பதற்குள் முடித்துவிட வேண்டும். சில வினாடிதான்!

ஓட்டைக்கு வெளியே நீட்டியிருக்கும் நீளம் ஆணியின் பருமனைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. குறைந்தால் தலை மொட்டை. கூடினால் பக்கவாட்டில் பிதுங்கும்.

அடித்து முடித்த பிறகும் ரிவிட் வேலை செய்துகொண்டே இருக்கும். ஆறும்போது சுருங்கும். 1 அங்குல நீளத்துக்குச் சுமார் 100-ல் 1 பங்கு அங்குலம். கேட்க அற்பம். ஆனால் அந்தச் சுருக்கம்தான் 2 தகடுகளையும் கிட்டிப் போட்டது போல இறுக்கிப் பிடிக்கிறது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்திலும், 1943-ல் திறந்த கல்கத்தா ஹவுரா பாலத்திலும் நடந்தது இதே வேலைதான்.

சூடு செய்யாமல், பல டன் அழுத்தும் ஹைட்ராலிக் கருவியால் குளிராகவே நசுக்குவதும் உண்டு. அதில் ஓட்டை முழுக்க இரும்பு நிரம்பும். கருவி வாங்க வசதியில்லாதவர்கள் ஓட்டையைச் சீவி, ஆட்டமில்லாமல் பொருந்தும் நல்ல ரக போல்ட் போடுவார்கள். பலத்துக்குக் குறைவில்லை. தகடுகள் சேரும் இடத்தில் மரை வரக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் பழமை பிரியர்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள்.

இத்தனைக்கும் முன்னால், சட்டத்தைச் சமதளத்தில் வைத்து போல்ட் போட்டுத் தற்காலிகமாகப் பிணைத்துவிடுவார்கள். கொத்தனார் மனைக்கு மூலை பிடிப்பது போல, குறுக்கு மூலைக்கு மூலை நூல் பிடித்து அளப்பார்கள். 2 அளவும் ஒன்றாக இருந்தால்தான் உலையை மூட்டுவார்கள். கடைசி ரிவிட் ஆறிய பிறகு மறுபடி அதே நூல். அரைக்கால் அங்குலம் கூடினாலோ குறைந்தாலோ, அடித்த தலையை அரைத்துத் தள்ளிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.