மூடியைத் திறந்தால்தான் தெரியும் அழகு! சோவியத் தாத்தா வாட்ச்சின் ரகசியம்

தாத்தாவின் பழைய வாட்ச் உங்க கைக்கு வருது. ஆனா, ஓடலை. 'உள்ளே இருக்கிறதைத் தூக்கிட்டு பேட்டரி மெஷின் போட்டுக்கலாமா?'னுதான் பலருக்கும் முதல்ல தோணும். அது சோவியத் நாட்டு 'பபேதா'வாக இருந்தா, கொஞ்சம் பொறுங்க!

பபேதா என்றால் ரஷ்ய மொழியில் வெற்றி. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு வருஷம், 1946-ல் உற்பத்திக்கு வந்த வாட்ச் இது. மெஷினின் அடிப்படை வடிவம் பிரான்ஸின் 'லிப்' நிறுவனத்துடையது. சாதாரண மக்கள் கட்டுறதுக்காகவே லட்சக்கணக்கில் தயாரானது.

அழகு எங்கே?

1950-களில் வந்த பல பபேதாக்களின் பின்மூடியைத் திறந்தால், மெஷின் தகடுகள் மேல் வரிவரியாகக் கோடுகள் தெரியும். லேசாகச் சாய்த்தால் அலை மாதிரி மின்னும். இதுக்குப் பேர் 'ஜெனீவா கோடுகள்'. சுழலும் தேய்ப்புக் கருவியை ஒவ்வொரு வரியாகத் தகட்டின் மேல் ஓட்டி இதை உருவாக்குவாங்க. பின்மூடியோ முழு உலோகம். கையில் கட்டினவர் இந்த அழகைப் பார்த்திருக்கவே மாட்டார். ரிப்பேர் பண்ணினவர் மட்டும்தான் பார்த்திருப்பார்!

நடுநடுவே சிவப்பாகத் தெரிவது செயற்கை மாணிக்கக் கற்கள். மொத்தம் 15. நகைக்காக இல்லை, சக்கரங்களின் அச்சு தேயாமல் சுற்றுறதுக்காக. சாவி கொடுத்தால் வினாடிக்கு 5 'டிக்', ஒரு நாளைக்கு 4,32,000.

அந்தக் காலத்து மெஷின்கள் பலவற்றில் '3-52' மாதிரி குட்டியாக ஒரு முத்திரையும் இருக்கும். 1952-ம் வருஷத்தின் மூன்றாம் காலாண்டில் தயாரானதுன்னு அர்த்தம். தாத்தா எந்த வயசுல இதைக் கட்டியிருப்பார்னு நீங்களே கணக்குப் போடலாம்.

என்ன செய்யலாம்?

* வீட்டுக் கத்தியால் மூடியை நெம்பாதீங்க. கத்தி வழுக்கினால் கோடுகள் மேலேயே கீறல் விழும்.
* ஓடலைன்னா சாவியை இறுக்கிக்கிட்டே போகாதீங்க. உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கலாம். பல சமயம் சர்வீஸ் பண்ணி எண்ணெய் போட்டாலே ஓடிடும்.
* சாவி மெஷின் பழகின ரிப்பேர்காரர்கிட்ட கொடுங்க. 'பாலிஷ் வேண்டாம், மெஷினை மாத்த வேண்டாம்'னு முதல்லயே சொல்லிடுங்க. கோடுகளின் ஆழம் ரொம்பக் குறைவு. தேய்ச்சுட்டா போனது போனதுதான்.
* மாற்றின பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க.

அப்புறம், அவர் மூடியைத் திறக்கும்போது பக்கத்துலயே நின்னு மொபைல்ல ஒரு போட்டோ எடுத்துடுங்க. தாத்தா ஒருநாளும் பார்க்காத பக்கம் அது!