மாமனார் வீட்டு மோட்டார் ஷெட்டு

பெண்ணைப் பெற்றவர்களுக்கு எத்தனையோ கவலை. இப்படியும் ஒரு கவலை உண்டா என்று கேளுங்கள். மாப்பிள்ளையாக வரப் போகிற பையன், கல்யாணத்துக்கு ஆறு வருஷம் முன்பே பெண் வீட்டு மோட்டார் ஷெட்டைப் பிடித்துக் கொள்கிறான். எங்கிருந்தோ ஒரு பழைய காரைக் கொண்டு வந்து அதற்குள் நிறுத்தி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றியும் போட்டு விடுகிறான்!

வட லண்டனில் 1948-ம் வருஷம் இது நடந்தது. பெண்ணின் பெயர் ஹேஸல் வில்லியம்ஸ். பையன், காலின் சாப்மன். 1944-ல் ஒரு நடன விருந்தில் சந்தித்தவர்கள். பையன் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் எஞ்சினீரிங் மாணவன். படிப்போடு படிப்பாகப் பழைய கார்களை வாங்கி விற்கிற வியாபாரமும் வைத்திருந்தான். யுத்தம் முடிந்தும் அந்த நாட்டில் பெட்ரோல் ரேஷன் முடியவில்லை. 1947-ல், சொந்த உபயோகத்துக்குக் கொடுத்து வந்த பெட்ரோலையும் சர்க்கார் நிறுத்தி விட்டது. பெட்ரோல் இல்லாத ஊரில் காரை யார் வாங்குவார்கள்? வியாபாரம் படுத்துக் கொண்டது. கடைசியில் விற்காமல் மிஞ்சியது ஒரே ஒரு பழைய ஆஸ்டின் ஸெவன்.

அந்தக் காரைத்தான் ஹேஸலின் தகப்பனார் வீட்டுப் பின்புறத்து ஷெட்டுக்குள் தள்ளிக் கொண்டு வந்தார்கள். மேல்கூட்டைப் பிய்த்து எறிந்து விட்டு, பிளைவுட் பலகையும் அலுமினியத் தகடும் வைத்துப் புதுக்கூடு கட்டினார்கள். 'கட்டினார்கள்' என்று பன்மையில் சொல்வது மரியாதைக்காக அல்ல. ஹேஸலும் கூட நின்று வேலை செய்தாள்.

கார் தயாரானதும் சேற்று மேடுகளில் ஏறும் பந்தயங்களுக்கு அதை ஓட்டிக் கொண்டு போனார்கள். அந்தப் பந்தயத்தில் பக்கத்து ஆசனத்தில் இருப்பவர் கையைக் கட்டிக் கொண்டு வேடிக்கை பார்க்க முடியாது. பின் சக்கரம் சேற்றில் வழுக்குகிறபோது ஆசனத்தில் குதித்துக் குதித்துப் பளு கொடுக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் மண்ணைப் பிடிக்கும். அந்த ஆசனமும் ஹேஸலுக்குத்தான் கிடைத்தது!

1952 ஜனவரி முதல் தேதி 'லோட்டஸ் எஞ்சினீரிங்' என்ற கம்பெனி ஆரம்பமாயிற்று. சாப்மனின் தகப்பனார் ஹார்ன்ஸி பகுதியில் ஒரு ஹோட்டல் நடத்தி வந்தார். அதன் பின்னாலிருந்த பழைய குதிரை லாயம்தான் தொழிற்சாலை. மூலதனம் 25 பவுன். கொடுத்தது யார் என்று ஊகித்திருப்பீர்கள். ஆம், ஹேஸல்தான் கடனாகக் கொடுத்தாள். 1954-ல் கல்யாணம் நடந்தது. பிற்பாடு கிராண்ட் பிரீ பந்தயங்களில் ஏழு முறை உலகப் பட்டம் வென்ற கம்பெனி இது.

பந்தயக் கதை இருக்கட்டும். சாதாரணக் குடும்பங்களின் ஷெட்டுகளை எல்லாம் பட்டறையாக மாற்றிய கதையைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

அந்நாளில் இங்கிலாந்தில் புதுக் கார் வாங்கினால் 'கொள்முதல் வரி' என்று ஒன்று கட்ட வேண்டும். 1957-ல் கார்களுக்கு அது 60 சதவிகிதம்! ஆனால் முழுக் காருக்குத்தான் வரி. பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக் கொண்டால் வரி கிடையாது. காரைப் பெட்டி பெட்டியாக விற்றால் என்ன என்று லோட்டஸ் யோசித்தது. 1957-ல் வெளிவந்த 'லோட்டஸ் ஸெவன்' முழுக் காராக 1,036 பவுன். பாகங்களாக வாங்கினால் 536 பவுன். பாதிக்குப் பாதி என்றால் எந்தக் குடும்பஸ்தன் சும்மா இருப்பான்?

வரி அதிகாரிகளும் சும்மா இல்லை. பாகங்களோடு, அவற்றைப் பூட்டுகிற விதத்தை விவரிக்கும் புத்தகம் கொடுக்கக் கூடாது என்பது விதி. அதற்கும் லோட்டஸ்காரர்கள் ஒரு வழி கண்டார்களாம். பூட்டுகிற விதத்தைத்தானே சொல்லக் கூடாது? கழற்றுகிற விதத்தைச் சொல்லலாமே! காரைக் கழற்றுவது எப்படி என்று அச்சிட்டார்கள். வாங்கியவர் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து முதல் பக்கத்துக்கு வர வேண்டியதுதான். கோலத்தைக் கடைசிப் புள்ளியிலிருந்து போட்டுப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு சிரமம் என்று தெரியும்.

இந்த வகைக் காரில் அடிப்படை ஒரு கூண்டு. இரும்புக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பற்றவைத்தது. அதன் மேல் அலுமினியத் தகட்டை ரிவிட் அடித்துப் பொருத்துவார்கள். முன்னால் எஞ்சின், நடுவில் கியர் பெட்டி, பின்னால் அச்சு. கதவு கிடையாது. முதல் ஸெவன் காரின் எடை 500 கிலோ கூட இல்லை. இதில் போகிறவர்களின் பின்புறம் தரையிலிருந்து சாண் உயரத்தில்தான் இருக்கும். மார்க்கெட்டுக்குப் போய் வர உகந்த வண்டி அல்ல என்பதை முன்கூட்டியே சொல்லி விடுகிறேன்.

பெட்டிகள் வந்து இறங்கும் நாள் திருநாள்தான். அதற்குப் பிறகு ஷெட்டில் இடம் போதாமல் சக்கரம் கூடத்துக்கு வரும். ஆசனம் மாடிக்குப் போகும். சமையல் கிண்ணங்களில் போல்ட்டும் நட்டும் நிறைந்திருக்கும். ஒயர்க் கற்றையைப் பிரித்ததும் பாதிப் பேருக்கு உற்சாகம் வடிந்து விடும். குழந்தை பிறக்கும், வீடு மாற்றல் வரும், பணம் தட்டும். "பாதி முடிந்த கார் விற்பனைக்கு" என்று அந்த நாட்டில் விளம்பரங்கள் வருவது சகஜம். அந்தப் பாதிக் கார்களைக் கண்டு மனம் நொந்த மனைவிமார்கள் எத்தனை பேரோ!

எல்லாவற்றையும் தனி ஆளாகச் செய்து விடலாம் என்று மார் தட்டுகிறவர்கூட ஒரு நாள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "கொஞ்சம் வந்து விட்டுப் போயேன்" என்று அழைக்கத்தான் வேண்டும். பிரேக்கிலிருந்து காற்றெடுக்கிற நாள் அது.

காலால் மிதியை அமுக்கினால், குழாயில் இருக்கிற பிரேக் எண்ணெய் அந்த அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு போகிறது. எண்ணெய் சுருங்காது, அதனால் கொடுத்த அழுத்தம் அப்படியே போய்ச் சேரும். ஆனால் குழாயில் ஒரு குமிழி காற்று இருந்தாலும் அது சுருங்கிக் கொடுக்கும். மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது. புதிதாகப் பூட்டிய காரில் குழாய் முழுவதும் காற்றுத்தான்.

ஆகவே ஒருவர் காரில் உட்கார வேண்டும். இன்னொருவர் சக்கரத்தின் அருகே ஸ்பானரும் கண்ணாடிப் புட்டியுமாகக் குனிய வேண்டும். "அமுக்கு" என்றால் மிதியை அமுக்கி அப்படியே பிடித்துக் கொள்ள வேண்டும். சக்கரத்தருகே திருகாணியைத் தளர்த்தினால், எண்ணெயோடு குமிழிகள் ரப்பர்க் குழாய் வழியே புட்டிக்குள் வரும். மறுபடி திருகாணியை இறுக்கிய பிறகே "விடு" என்ற உத்தரவு வரும். அதற்கு ஒரு கணம் முன்னால் காலை எடுத்து விட்டால் போச்சு! வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்து விடும். "அமுக்கு, பிடி, விடு" என்று நான்கு சக்கரத்துக்கும் ஒரு மத்தியானம் முழுக்க நடக்கும். நடுவிலே, "விடு என்று நான் சொன்னேனா?", "சொன்னது என் காதில் விழுந்ததே!" என்ற சம்வாதமும் உண்டு.

ஆனால் மிதியின் மேல் இருக்கிற காலுக்குத்தான் முதலில் உண்மை தெரியும். பஞ்சாய் இருந்தது, பத்தாம் தடவையோ இருபதாம் தடவையோ, கல் மாதிரி நிற்கும். "இன்னும் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கிறது" என்று அவள் சொன்னால், எத்தனை அலுப்பாக இருந்தாலும் மறுபடி முதல் சக்கரத்துக்குப் போக வேண்டும். ஏனென்றால், நாளைக்கு அந்தப் பக்கத்து ஆசனத்தில் உட்காரப் போகிறவள் அவள். குழந்தையை ஏற்றிக் கொண்டு சரிவில் இறங்கப் போகிறவர்களும் இவர்கள்தானே!

1973-ல் அந்த வரியை எடுத்து விட்டு வேறு வரி போட்டார்கள். பெட்டிக் காருக்கு இருந்த சலுகை போயிற்று. அதே வருஷம் லோட்டஸ், ஸெவன் காரைத் தயாரிக்கும் உரிமையைக் கேட்டர்ஹாம் என்ற கம்பெனிக்கு விற்று விட்டது. அவர்கள் இன்னும் அதைப் பாகங்களாகவும் விற்கிறார்கள். சலுகை போனாலும் ஆசை போகவில்லை. 1996-ல் ரான் சாம்பியன் என்ற பள்ளி ஆசிரியர், 250 பவுன் செலவில் பந்தயக் கார் கட்டுவது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதினார். பழைய ஃபோர்டு எஸ்கார்ட் காரின் எஞ்சினையும் அச்சையும் எடுத்து, கூண்டை வீட்டிலேயே பற்றவைக்கச் சொன்னார். அதைப் படித்து விட்டுப் பற்றவைப்பு கற்றுக் கொண்டவர்கள் அநேகர்.

இப்போது சர்க்கார் பரீட்சையும் உண்டு. பிரேக், விளக்கு, புகை எல்லாவற்றையும் சோதிப்பார்கள். நடந்து போகிறவர் மேல் படக்கூடிய விளிம்புகள் கூர்மையாக இல்லாமல், குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுங்கி இருக்க வேண்டும். தேறினால்தான் நம்பர் பலகை. முதல் தடவை தோற்றுத் திரும்புகிறவர்களும் உண்டு.

அந்த முதல் கார் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஓ.எக்ஸ். 9292 என்பது அதன் எண். 1950-ல் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து விற்று விட்டார்கள். இங்கிலாந்தின் வடபகுதிக்குப் போனது வரைக்கும்தான் தகவல். சாப்மன் 1982-ல் காலமானார். கார் பிறந்து 70 வருஷம் ஆன 2018-ல், அவருடைய மகன் கிளைவ், ஷெட்டுகளிலும் களஞ்சியங்களிலும் தேடிப் பாருங்கள் என்று பொது ஜனங்களைக் கேட்டுக் கொண்டார். ஹேஸல் அம்மையார் 2021 டிசம்பரில், 94-வது வயதில் காலமானார். அதுவரையில் கார் கிடைக்கவில்லை.