மூன்று வெற்று நாட்கள்

ஓய்வுபெற்ற ஆசிரியரான நண்பர் ஒருவர் சென்ற வாரம் என் இல்லத்துக்கு வந்தார். கையில் ஒரு கொப்பி. அதன் முதற் பக்கத்தில் பத்து நாட் பிரயாணத்துக்குரிய திட்டமொன்று அழகிய கையெழுத்தில் வரையப்பட்டிருந்தது. வாழ்நாள் முழுவதும் பூமிசாத்திரம் கற்பித்தவர் அவர். இமயத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை தீட்டியவர். ஒருமுறையேனும் அதனைக் கண்ணாற் காணாதவர். கோடை தொடங்கும் யூன் முதல் வாரத்தில் லடாக்குக்குச் செல்வதென்று தீர்மானித்துவிட்டார்.

முதல் நாள் டில்லியிலிருந்து விமானத்தில் லே நகர். இரண்டாம் நாள் கார்துங் லா கணவாய். மூன்றாம் நாள் பாங்கொங் ஏரி. இவ்வாறு ஒரு நாழிகையும் வீண்போகாதவாறு திட்டம் அமைந்திருந்தது.

“எப்படி இருக்கிறது?” என்று ஆவலோடு கேட்டார்.

“நன்றாகவே இருக்கிறது. ஆனால் மூன்று நாட்கள் குறைகின்றன” என்றேன்.

“எந்த இடத்தை விட்டுவிட்டேன்?”

“இடம் எதனையும் விடவில்லை. எங்கும் போகாதிருக்கும் நாட்களை விட்டுவிட்டீர்.”

அன்று அவருக்குக் கூறியவற்றையே இங்கு எழுதுகின்றேன். மலைநாட்டுப் பிரயாணம் கருதும் ஏனையோருக்கும் அது பயன்படக்கூடும்.

நமது நாட்டின் அதியுயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகல 2,524 மீற்றர் உயரமுடையது. உயரத்தால் உண்டாகும் நோய் மனிதனைப் பற்றத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த மட்டத்திலேதான். ஆகவே நம்மிற் பெரும்பாலோர் அந்நோயை அறிந்ததில்லை. லே நகரமோ ஏறக்குறைய 3,500 மீற்றர் உயரத்தில் உள்ளது. நம் நாடு முடியும் உயரத்துக்கும் மேலே ஆயிரம் மீற்றர் ஏறிய பின்னரே அந்த ஊர் தொடங்குகின்றது.

அங்குள்ள காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைவென்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. கடற்கரையிலும் மலையுச்சியிலும் அது நூற்றுக்கு 21 பங்குதான். குறைவது காற்றின் அழுத்தம். லேயில் இழுக்கும் ஒரு மூச்சில், கடல்மட்டத்திற் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு பிராணவாயுவே கிடைக்கின்றது. கார்துங் லாவில் ஏறக்குறையப் பாதி. (அக்கணவாயின் உயரம் 18,380 அடி என்று வீதியோரப் பலகைகள் நெடுங்காலம் பறைசாற்றின, அளந்தவர்கள் கண்டது ஏறக்குறைய 17,580 அடி. பூமிசாத்திர ஆசிரியர்கள் குறித்துக்கொள்வார்களாக.)

இக்குறைவை உடம்பு ஈடுசெய்யவல்லது. மூச்சு விரைகின்றது, இரத்தத்தின் இரசாயன நிலையைச் சிறுநீரகங்கள் திருத்துகின்றன, வாரங்கள் செல்லச் செங்குருதிக் கலங்கள் பெருகுகின்றன. ஆனால் இவை யாவற்றுக்கும் அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தைத்தான் நண்பரின் கொப்பி கொடுக்க மறுத்தது.

இந்த உண்மையை மனிதன் எளிதில் அறிந்துவிடவில்லை. சீனாவின் ஹான் வமிச வரலாற்று நூல், மேற்குத் திசைப் பாதையிலுள்ள பெரிய தலைவலி மலை, சிறிய தலைவலி மலை என்பவற்றைக் குறிப்பிடுகின்றது. பேரு நாட்டு மலைகளிலே தாம் பட்ட அவதியை அக்கோஸ்தா என்னும் ஸ்பானியத் துறவி 1590 இல் வெளிவந்த தம் நூலில் விவரித்து, மெலிந்த காற்றே அதற்குக் காரணம் எனக் கருதினார். பிராணவாயுக் குறைவே அதன் மூலம் என்பதை போல் பெர் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி பரிசோதனைகளால் நாட்டியது 1878 இல்.

லடாக்கே இதில் உலகுக்கு ஒரு பாடம் புகட்டியது. 1962 இல் சீனாவுடன் போர் மூண்டபோது, சமவெளியில் இருந்த இந்தியப் படைவீரர்கள் விரைவாக இமயத்தின் உயரங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வாறு நோயுற்ற 1,925 வீரர்களைப் பற்றி இந்திய மருத்துவர்கள் 1969 இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். அவ்வீரர்கள் இளைஞர்கள், உடற்பயிற்சியில் தேறியவர்கள். இளமையும் பலமும் இந்நோய்க்குக் கவசமல்ல. பலசாலியே விரைந்து ஏறி விரைந்து வீழ்வதும் உண்டு.

தலைவலி, குமட்டல், களைப்பு, தூக்கமின்மை என்பன முதல் அறிகுறிகள். இவை கண்டபின் மேலே ஏறலாகாது. நடை தள்ளாடினாலோ, அறிவு மயங்கினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, விடியும்வரை காத்திராமல் உடனே கீழே இறக்கவேண்டும். மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துவிட்டதற்கு அவை அடையாளம். தாமதம் உயிரைக் கொள்ளும்.

எனவே திட்டத்தை எவ்வாறு அமைப்பது? விமானத்தில் இறங்குவோர் முதல் மூன்று நாட்களை லேயிலேயே கழிக்கவேண்டும். முதல் நாள் முழு ஓய்வு. பின்னர் கடைவீதிவரை மெதுவான நடை. அதன்பின் 3,000 மீற்றருக்கு மேலே, முன்னிரவு உறங்கிய இடத்தைவிட 500 மீற்றருக்கு அதிகமான உயரத்தில் மறு இரவு உறங்கலாகாது என்பது மருத்துவர் வகுத்த விதி. தரைவழியெல்லாம் நிதானமான வழி என்று எண்ணுவதும் பிழை. ஸ்ரீநகரிலிருந்து செல்வோர் 2,700 மீற்றரளவிலுள்ள கார்கிலில் ஓரிரவு தங்கலாம். அது நல்ல படி. மணாலியிலிருந்து செல்வோரோ 4,200 மீற்றருக்கு மேலுள்ள சர்ச்சுவில் உறங்க நேர்வதுண்டு. அது உடம்புக்குக் கொடிய சோதனை. இருதய, சுவாச நோயுள்ளவர்களும் முதியோரும் புறப்படுமுன் மருத்துவரைக் காணவேண்டும். அசெற்றசோலமைட் என்னும் மருந்து உடம்பின் இசைவை விரைவுபடுத்தும். ஆனால் அதனையும் அவர் சொற்படியே உட்கொள்ளவேண்டும்.

யூன் மாதத் தொடக்கத்துக்கென்றே சில குணங்கள் உண்டு. மாரியில் மூடிய கணவாய்கள் திறந்து சில வாரங்களே ஆகியிருக்கும். ஒரே ஒரு பனிப்பொழிவால் வீதி மீண்டும் அடைபடலாம். ஆகவே திரும்புவதற்கும் ஒரு நாளை மிச்சமாக வைத்திருத்தல் வேண்டும். வீதியைக் குறுக்கிடும் ஓடைகள் காலையில் மெலிந்தும், வெயிலேறப் பனி உருகுவதனால் பிற்பகலிற் பெருகியும் ஓடும். காலையிலே கடப்பதே அறிவுடைமை. பகல் வெயில் தோலைச் சுடும். பனியிற் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கெடுக்கும். இரவிலோ குளிர் எலும்பைத் தொடும். கறுப்புக் கண்ணாடியும் கம்பளியும் ஒரே பெட்டியில் இருக்கவேண்டும். பாங்கொங் முதலிய எல்லைப்புறங்களுக்கு அயல்நாட்டவர் தனி அனுமதிப் பத்திரம் பெறவேண்டும். அதற்கும் அந்த வெற்று நாட்கள் உதவும்.

அந்நாட்களில் ஊரையும் காணலாம். ஆண்டுக்கு ஏறக்குறைய 100 மில்லிமீற்றர் மழையே பெறும் பாலைநிலம் அது. பனி உருகி வரும் நீரை வாய்க்கால்களிற் பகிர்ந்து பார்லி விளைவிக்கின்றனர். மாரியில் வீணாகும் நீரை உறையவைத்து, விதைப்புக் காலத்துக்குச் சேமிக்கும் செயற்கைப் பனிப்படுகைகளை அமைத்தவர் செவாங் நோர்பெல் என்னும் பொறியியலாளர். அத்தகைய மண்ணில் விருந்தினர் ஒவ்வொரு வாளி நீரையும் எண்ணிச் செலவிடுதல் கடன்.

“இத்தனைக்கும் பிறகு, பாதிவழியிலே திரும்ப நேர்ந்தால்?” என்று கேட்டார் நண்பர். அவர் குரலில் ஒரு வாட்டம் இருந்தது.

லே நகரருகே ஓடும் சிந்து நதி, கைலை மலைக்கு வடக்கேயுள்ள திபெத்திய நிலத்திற் பிறந்து வருவது. அக்கைலையைக் காணப் புறப்பட்ட அப்பர் சுவாமிகள், கால் தேய்ந்து, கை தேய்ந்து, உருண்டும் சென்றார் என்று பெரியபுராணம் கூறும். இறுதியில் அவருக்குக் கிடைத்தது, திரும்பிச் செல் என்னும் கட்டளை. திரும்பியவர் திருவையாற்றிலே தாம் தேடிய காட்சியைக் கண்டார்.

“திரும்புவது தோல்வியென்று நம் இலக்கியம் சொல்லவில்லையே” என்றேன்.

நண்பர் சிறிதுநேரம் பேசவில்லை. பின்னர் கொப்பியில் ஒரு புதிய பக்கத்தைப் புரட்டி, முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று எழுதினார். அவற்றின் எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டார்.