யாருடைய நிமிடத்துக்கு விலை அதிகம்?

2008 ஏப்ரலில் டெல்லியில் அம்பேத்கர் நகருக்கும் மூல்சந்துக்கும் இடையே 5.8 கிலோமீட்டர் நீளத்துக்குப் பேருந்துகளுக்கென்று தனித்தடம் ஒன்று திறக்கப்பட்டது. சாலையின் நடுப்பகுதி பேருந்துக்கு. அதை ஒட்டிய தடங்கள் கார், இருசக்கர வாகனங்களுக்கு. ஓரம் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும். பேருந்துகள் வேகமாகப் போயின, கார்கள் தேங்கின. திட்டத்தை எதிர்த்து வழக்கு வந்தது. நீதிமன்ற உத்தரவின் பேரில் நடந்த ஆய்வு, வாகனங்களின் தாமதத்தையும் எரிபொருள் செலவையும் கூட்டிப் பார்த்து, தனித்தடம் இல்லாமல் இருப்பதே மேல் என்றது. காரில் போகிறவர்கள் செல்வத்தை உருவாக்குகிறவர்கள், அவர்களுடைய நேரத்துக்கு மதிப்பு அதிகம் என்ற வாதமும் வைக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் 2012 அக்டோபரில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆனாலும் 2016இல் தடம் அகற்றப்பட்டது. அதன் வடிவமைப்பில் குறைகள் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தோற்றது வடிவமைப்பு மட்டுமல்ல. ஒரு காரும் அறுபது பேர் ஏறிய ஒரு பேருந்தும் தலா ஒரு வாகனம் என்று எண்ணப்பட்டால், எந்தத் தனித்தடமும் நஷ்டக் கணக்காகத்தான் தெரியும். வாகனங்களை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று 2006இலேயே தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொல்லியிருந்தது.

செல்வத்தை உருவாக்குகிறவர் வாதம் ஏதோ ஒரு வழக்கில் தப்பி விழுந்த பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. போக்குவரத்துத் திட்டங்களை மதிப்பிடும் கணக்கிலேயே அது உட்கார்ந்திருக்கிறது. ஒரு மேம்பாலத்தின் ‘பயன்’ என்று அறிக்கையில் காட்டப்படுவதில் பெரும்பங்கு மிச்சமாகும் நேரம்தான். அந்த நேரத்துக்கு ரூபாயில் விலை போட வேண்டும். விலையோ பயணியின் வருமானத்திலிருந்து வருகிறது. விமான நிலையத்துக்கு விரையும் நிறுவன அதிகாரியின் பத்து நிமிடம், நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண்ணின் பத்து நிமிடத்தைவிடப் பலமடங்கு ‘பயன்’ ஆகிவிடுகிறது. ஆகவே வசதியுள்ளவர்கள் புழங்கும் வழித்தடம் எளிதில் லாபம் காட்டும். இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. பிரிட்டனின் மதிப்பீட்டு நெறிமுறை, அலுவல் சாராத பயணங்களுக்கு வருமானம் பாராமல் சராசரி மதிப்பையே பயன்படுத்துகிறது. வருமானத்தை வைத்து விலை போடுவதைவிடப் பெரிய ஓட்டை, நடக்காத பயணம். டவுன் பஸ் கட்டணம் கட்டுப்படியாகாமல் ஒரு வேலையை வேண்டாம் என்றவருக்கு மிச்சமாக நேரமே இல்லை. அவர் எந்தக் கணக்கெடுப்பிலும் வரமாட்டார்.

இந்த இடத்தில்தான் தமிழ்நாடு 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் கவனத்துக்குரியது. பழைய கணக்கில் அது வெறும் செலவு: புதிய பாலம் இல்லை, ஒரு நொடியும் மிச்சமில்லை. ஆனால் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண் பயணிகளின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 61 சதவீதமாக உயர்ந்ததாக அடுத்த ஆண்டே அரசு சொன்னது. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாகக் கூறியது. ஆனால் இதையே சூழலுக்கும் பெரும் வெற்றி என்று கொண்டாட நான் தயங்குகிறேன். முன்பு நடந்தவர் இன்று பேருந்தில் ஏறினால் புகை எங்கே குறைகிறது? மறுபக்கம், மின்கார் வாங்குபவருக்குத் தரும் சாலைவரி விலக்கு நகரத்தின் காற்றுக்கு நல்லது. அந்தச் சலுகை போய்ச் சேருவதோ கார் வாங்க முடிந்தவருக்கு, நெரிசலும் குறைவதில்லை. சூழலுக்கு ஒரு மதிப்பெண், நியாயத்துக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியாகவே போட வேண்டும். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கினால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும்.

போக்குவரத்துத் துறைக்கு வெளியே எடுக்கப்படும் முடிவுகளும் இந்தக் கணக்கில் வர வேண்டும். சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து தொலைவிலுள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடும்பங்கள் மாற்றப்பட்டபோது, காகிதத்தில் அது வீட்டுவசதித் திட்டம், நதி மீட்புத் திட்டம். அனுபவத்தில் அது பயண நேரத்தை ஏழைகள் தலையில் ஏற்றிய திட்டம். மயிலாப்பூரிலோ நுங்கம்பாக்கத்திலோ நடந்துபோய் வீட்டு வேலை செய்த பெண்களில் பலருக்குப் பேருந்து மாறி மாறிப் போக நேர்ந்தது. பலர் வேலையை விட்டார்கள். ஆற்றங்கரை சுத்தமானது பயன் பட்டியலில் ஏறும். அந்தப் பேருந்து நேரம் எந்தத் துறையின் பட்டியலில் ஏறும்?

இலவசங்கள் போக்குவரத்துக் கழகங்களை மூழ்கடிக்கும் என்பது பலரும் சொல்வது. மேம்பாலத்தில் ஏற யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. அதை நாம் இலவசம் என்று அழைப்பதும் இல்லை. ஆனால் அந்தக் கவலையில் பாதி உண்மை. அரசு தரும் ஈட்டுத்தொகை புதிய பேருந்தாக மாறாவிட்டால், இலவசச் சீட்டு இருக்கும், பேருந்து வராது. நியாயத்தை அளப்பவர் நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரத்தையும் அளந்தாக வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு உயரப் படிகள் கொண்ட பேருந்து வந்தும் வராததுபோலத்தான். தாழ்தளப் பேருந்துகளுக்காக மாற்றுத்திறனாளிகள் சென்னை உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது.

பேருந்தைப் பற்றியே பேசுவதால், மெட்ரோவே வேண்டாம் என்பதா இந்த வாதம்? இல்லை. நெரிசல் மிகுந்த பெருவழிகளில் ரயில் சுமக்கும் கூட்டத்தைப் பேருந்தால் சுமக்க முடியாது. 2017இன் மெட்ரோ ரயில் கொள்கை, 8 சதவீத நிதி வருவாய் என்ற பழைய நிபந்தனையை விட்டு, 14 சதவீதப் பொருளாதாரப் பயன் இருக்க வேண்டும் என்றது. டிக்கெட் வசூலுக்கு அப்பால் பார்ப்பதால் அது முன்னேற்றமே. ஆனால் 14 என்ற எண், பயன் எவ்வளவு என்று சொல்கிறதே தவிர, யாருக்கு என்று சொல்வதில்லை. வருமானம், பாலினம், உடல்நிலை வாரியாக யாருடைய பயண நேரம் குறைகிறது, யாருடையது கூடுகிறது என்று ஓர் அட்டவணையை விரிவான திட்ட அறிக்கையிலேயே கேட்கலாம். ஒவ்வொருவரின் நிமிடத்துக்கும் ஒரே விலை வைத்து மறுபடியும் கணக்குப் போட்டால், எந்தத் திட்டம் முந்துகிறது என்பது மாறக்கூடும்.

63,246 கோடி ரூபாயில் சுமார் 118 கிலோமீட்டருக்கு நடக்கும் சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு இந்த வேலை அவசரமானது. நிலையங்களைச் சுற்றி இன்று வாடகைக்கு இருப்பவர்கள் யார், வேலைக்கு எப்படிப் போகிறார்கள், வாடகை எவ்வளவு என்று வழித்தடங்கள் முழுமையாகத் திறக்கப்படும் முன்பே பதிவு செய்ய வேண்டும். ரயில் வந்து வாடகை ஏறியபின் வீடு மாறிப் போனவர்கள் அங்கே எடுக்கும் எந்தக் கணக்கெடுப்பிலும் அகப்பட மாட்டார்கள்.