முதலில் கெர்னல், பிறகுதான் மற்றதெல்லாம்

"ராத்திரி முழுக்கக் கம்பைல் ஓடணுமாமே அண்ணா. நடுவுல கரண்ட் போச்சுன்னா மெஷின் போயிடாதுங்களா?"

ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கத்து டீக்கடையில் ஒரு தம்பி கேட்ட கேள்வி. எஸ்டேட் அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினியை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார். அதில் இப்போது ஃபிரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் ஓடுகிறது. அடுத்த பதிப்புக்கு மூலநிரலில் இருந்தே கட்டிப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பிமேல் சாய்ந்தாலே சேர்வராயன் மலையில் பாதி ஊர் இருட்டாகிவிடும் என்பதால் அவர் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நீண்ட இரவுக்காக அவர் பயப்பட வேண்டியதே இல்லை. கவனம் எல்லாம் அதற்குப் பின்னால் வரும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குத்தான் தேவை. அன்று இரண்டு கிளாஸ் டீயில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசு நிறுவனமான எல்காட் வாங்கித் தந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. பாஸ், மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. அந்த வழியில் மேம்படுத்தல் என்றால், வேறு எங்கோ யாரோ கம்பைல் செய்து வைத்த பொதிகளை இறக்கிக்கொள்வது. மூலநிரல் எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது, ஆனால் பயனர் அதைத் தொடவேண்டிய அவசியம் வருவதில்லை. ஃபிரீபிஎஸ்டியிலும் அப்படி ஒரு சுலப வழி இருக்கிறது. ஃபிரீபிஎஸ்டி-அப்டேட் என்ற கருவி ஆயத்தக் கோப்புகளைக் கொண்டுவந்து போட்டுவிடும். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும் என்பதுதான் என் கருத்து. இயங்குதளத்தின் மையமான கெர்னலில் தனக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ள நினைப்பவர், ஒரு திருத்தத்தைத் தானே சேர்த்துப் பார்க்க விரும்புபவர், பயன்படாத பகுதிகளைக் கட்டாமலே விட நினைப்பவர் ஆகியோருக்குத்தான் மூலநிரல் வழி. தன் கணினி எந்தெந்தப் பகுதிகளால் ஆனது என்று ஒருமுறையாவது கண்ணால் பார்க்க நினைப்பவருக்கும்தான். தம்பி அந்தக் கடைசி வகை.

லினக்ஸ் உலகத்தில் கெர்னல் ஓரிடத்தில் இருந்து வரும், சி நூலகமும் அன்றாடக் கட்டளைகளும் வேறு இடங்களில் இருந்து வரும். அவற்றைச் சேர்த்துக் கட்டித் தருவது டெபியன் போன்ற விநியோகங்களின் வேலை. ஃபிரீபிஎஸ்டி, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த பிஎஸ்டி யுனிக்ஸின் வழியில் 1993-இல் பிறந்தது. அதில் கெர்னலும், அதைச் சுற்றியுள்ள அடிப்படைக் கருவிகள், நூலகங்கள் எல்லாமும் ஒரே மூலநிரல் மரத்தில் இருக்கின்றன. கெர்னல் தவிர்த்த அந்த மொத்தக் கூட்டத்துக்கு அங்கே 'வேர்ல்ட்' என்று பெயர். ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபிஸ் போன்றவை இதில் சேராது, அவை தனிப் பொதிகள். கெர்னல், வேர்ல்ட், பொதிகள் என்ற இந்தப் பிரிவு மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் அதிலிருந்தே விளங்கும்.

முதலில் மூலநிரலை இறக்க வேண்டும். 2020 டிசம்பரில் இருந்து அது கிட் களஞ்சியத்தில் இருக்கிறது. உதாரணமாக, 14.2-இல் இருந்து 14.3-க்குப் போகிறவர் 14.3-இன் வெளியீட்டுக் கிளையை எடுக்க வேண்டும். 'மெயின்' கிளை நாள்தோறும் மாறிக்கொண்டிருக்கும், அது உருவாக்குநர்களின் இடம். இறக்கியதும் கட்டளை எதையும் தட்டுவதற்கு முன், மரத்தின் உச்சியிலேயே இருக்கும் 'அப்டேட்டிங்' என்ற கோப்பைத் திறந்து படிக்க வேண்டும். எந்தத் தேதியில் எது மாறியது, எதற்குமுன் எதைச் செய்ய வேண்டும் என்று புதியது மேலே, பழையது கீழே என எழுதி வைத்திருப்பார்கள். கடைசியாக மேம்படுத்திய தேதி வரைக்கும் பொறுமையாகப் படித்தால் போதும். இணையத்தில் கிடைக்கும் எந்த வழிகாட்டியைவிடவும் இந்தக் கோப்பை நான் நம்புகிறேன், நிரலை மாற்றியவர்களே எழுதியது என்பதால்.

அடுத்தது 'பில்ட்வேர்ல்ட்', அதன்பின் 'பில்ட்கெர்னல்'. இவைதான் இரவெல்லாம் ஓடுபவை. புதிய கணினியில் பல கோர்கள் சேர்ந்து இழுத்தால் ஒரு மணி நேரத்திலேயே முடியலாம். தம்பியின் மடிக்கணினி போன்ற 2 ஜிபி நினைவகம் உள்ள பழையதில் ஒரு பகலும் இரவும் போகலாம். பெரும்பகுதி நேரத்தைத் தின்பது கிளாங் என்ற கம்பைலரைக் கட்டுவதுதான். அதற்கு நினைவகமும் ஏராளமாக வேண்டும், ஆகவே ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஸ்வாப் இடத்தைக் கூட்டிக்கொள்வது நல்லது.

கம்பைலரை ஏன் முதலில் கட்டவேண்டும்? இன்று கணினியில் இருக்கும் பழைய கம்பைலருக்குப் புதிய நிரலின் சில வழக்கங்கள் தெரியாமல் இருக்கலாம். அதனால் பில்ட்வேர்ல்ட் முதலில் பழையதைக் கொண்டு புதிய கருவிகளைச் செய்துகொள்கிறது, பிறகு அந்தப் புதிய கருவிகளைக் கொண்டு முழு வேர்ல்டையும் கட்டுகிறது. கெர்னலும் அதே கருவிகளைக் கொண்டுதான் கட்டப்படுகிறது. பில்ட்வேர்ல்டுக்குப் பிறகே பில்ட்கெர்னல் என்ற வரிசைக்கு அதுதான் காரணம்.

இனி கரண்ட் கேள்வி. இத்தனை மணி நேரம் கட்டப்படுவதெல்லாம் 'ஆப்ஜ்' என்ற தனி அடைவுக்குள் போய்ச் சேர்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் ஒரு கோப்பைக்கூட அது தொடுவதில்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த மலை இது, அதனால் தம்பிக்குத் தோட்டத்து வழக்கத்திலேயே சொன்னேன். நாற்றங்காலில் பைகளில் நாற்று வளர்ந்துகொண்டிருக்கும்போது தோட்டத்தில் பழைய செடி காய்த்துக்கொண்டுதான் இருக்கிறது. நாற்று பட்டுப்போனால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், தோட்டத்துக்கு நஷ்டம் இல்லை. பழைய செடியைப் பிடுங்கிப் புதியதை ஊன்றும் நாளில்தான் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். ஆகவே கம்பைலின் நடுவே மின்சாரம் போனால், வந்ததும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் போதும். 'மெட்டா மோட்' என்ற வசதியை முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால், ஏற்கெனவே கட்டி முடித்தவற்றில் பெரும்பகுதியை விட்டுவிட்டு மீதியை மட்டும் கட்டும்.

ஊன்றும் நாள் 'இன்ஸ்டால்கெர்னல்' என்ற கட்டளையோடு தொடங்குகிறது. புதிய கெர்னல் அதன் இடத்துக்கு வரும், பழையது 'கெர்னல்.ஓல்ட்' என்ற பெயரில் பக்கத்திலேயே பத்திரமாக இருக்கும். இப்போது கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். புதிய கெர்னல் சரியாக எழுந்தால்தான் மேலே போவது. எழவில்லை என்றால் தொடக்கத் திரையிலேயே பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து, ஒன்றும் நடக்காததுபோல் பழைய கணினிக்குத் திரும்பிவிடலாம்.

"ரெண்டையும் ஒண்ணாப் போட்டுட்டு ஒரே தடவை ரீபூட் பண்ணக் கூடாதுங்களா?"

எல்லோருக்கும் வரும் சந்தேகம்தான். கோப்பைத் திற, படி, எழுது என்று நிரல்கள் கெர்னலிடம் கேட்பதற்கு எண்ணிட்ட அழைப்புகள் இருக்கின்றன. புதிய கெர்னலில் பழைய அழைப்புகளையும் விடாமல் வைத்திருக்கிறார்கள், அதனால் பழைய நிரல்கள் புதிய கெர்னல்மேல் ஓடும். பழைய கெர்னலுக்கோ தான் கட்டப்பட்ட பிறகு சேர்ந்த அழைப்புகள் எப்படித் தெரியும்? அதற்குத் தெரியாது.

2017 மே மாதம் ஃபிரீபிஎஸ்டியின் வளர்ச்சிக் கிளையில் நடந்த மாற்றம் ஒன்று இதைக் கண்ணெதிரே காட்டியது. கோப்பு முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐனோட் எண் என்று ஒன்று உண்டு. அது 32 பிட்டாக இருந்தவரை சுமார் 429 கோடி எண்களுக்குமேல் போக முடியாது. பெரிய சேமிப்புகளுக்கு அது போதாது என்று 64 பிட்டாக்கினார்கள். கோப்பின் விவரம் கேட்கும் அழைப்புகளே புதிதாயின. மாற்றம் 2018 டிசம்பரில் 12.0 பதிப்பாக எல்லோர் கைக்கும் வந்தது. பழைய கெர்னல் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய வேர்ல்டைப் போட்டால், புதிய 'எல்எஸ்' கட்டளை பழைய கெர்னல் அறியாத அழைப்பை விடுக்கும், கெர்னல் அந்த நிரலை அங்கேயே நிறுத்திவிடும். ஷெல்லுக்கும் அதே கதி. நிறுவிக்கொண்டிருக்கும் கருவியே பாதியில் விழுந்தால், பழுது பார்க்கவும் கையில் கருவி இருக்காது. வரிசையை மாற்றாமல் செய்தவர்கள் அன்று இந்தச் சிக்கலில் மாட்டவில்லை.

எனவே கெர்னல் எழுந்த பிறகு, ஒற்றைப் பயனர் நிலையில், 'எட்சி-அப்டேட்' கருவியை, வேர்ல்டுக்கு முந்தைய கட்டத்துக்கான அதன் தெரிவோடு ஒருமுறை ஓட்ட வேண்டும். புதிய பதிப்பு ஏதேனும் புதிய கணினிப் பயனர் கணக்கையோ குழுவையோ எதிர்பார்த்தால், கோப்புகள் வந்து சேரும் முன்பே அது உருவாகியிருக்க வேண்டும் அல்லவா? பிறகு 'இன்ஸ்டால்வேர்ல்ட்'. நான் முதலில் சொன்ன பத்துப் பதினைந்து நிமிடம் இதுதான். யுபிஎஸ், பேட்டரி, எது இருந்தாலும் இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் நடுவில் நின்றுபோனால் பெரும்பாலும் திரும்ப ஓட்டியே சரிசெய்துவிடலாம். பாதி பழையதும் பாதி புதியதுமாகக் கிடக்கும் நிரல்களை ஓட்டவல்ல புதிய கெர்னல் ஏற்கெனவே மேலே வந்துவிட்டதே.

வேர்ல்ட் முடிந்ததும் மறுபடி எட்சி-அப்டேட். நம் அமைப்புக் கோப்புகளில் நாம் செய்த திருத்தங்களையும், பழைய பதிப்பின் மூலக் கோப்பையும், புதிய பதிப்பின் மூலக் கோப்பையும் ஒப்பிட்டு அது இணைக்கப் பார்க்கும். முடியாத இடத்தில் நம்மைக் கேட்கும். அங்கே அவசரப்பட்டுப் 'புதியதே போதும்' என்று தட்டினால், கடவுச்சொல் கோப்பில் நம் பெயரே காணாமல் போய்விடும் வாய்ப்பு உண்டு. அன்று தம்பிக்கு நான் அழுத்திச் சொன்னது இந்த ஒன்றைத்தான். நூற்றுக்கணக்கான கோப்புகளைக் கணினி பார்த்துக்கொள்ளும், இந்த நாலைந்தை மனிதக் கண் பார்க்கத்தான் வேண்டும்.

மடிக்கணினிக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. திரைக்கான கிராஃபிக்ஸ் இயக்கி மூலநிரல் மரத்தில் இல்லை, தனிப் பொதியாக வருகிறது. அது ஒரு கெர்னல் துண்டு என்பதால் எந்தக் கெர்னலுக்குக் கட்டினார்களோ அதோடுதான் ஒத்துப்போகும். கெர்னல் மாறி இயக்கி மாறாவிட்டால் திரை இருண்டு நிற்கலாம், கணினி விழவும் செய்யலாம். 'போர்ட்ஸ் மாட்யூல்ஸ்' என்ற அமைப்பில் அதன் பெயரைக் குறித்து வைத்தால் கெர்னலோடு சேர்த்தே அதையும் கட்டிக்கொள்ளும்.

பழைய கோப்புகளை நீக்குவதற்கும் வரிசை உண்டு. பயனற்றுப்போன கோப்புகளை உடனே நீக்கலாம். பழைய நூலகங்களை மட்டும் விட்டுவைக்க வேண்டும். 13-இல் இருந்து 14 போன்ற பெரிய தாவலில், ஏற்கெனவே நிறுவிய பொதிகள் பழைய நூலகங்களைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். பொதிகளை எல்லாம் புதிதாக்கிய பிறகே நூலகங்களை எடுக்க வேண்டும். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை வைத்திருப்பவர்கள் தொடங்கும் முன்பே 'பெக்டல்' கொண்டு ஒரு தொடக்கச் சூழலைப் படியெடுத்து வைத்தால், எது நடந்தாலும் பழைய கணினி அப்படியே கிடைக்கும். ஆனால் சேமிப்புக் குளத்தைப் புதிய வடிவத்துக்கு உயர்த்தச் சொல்லும் செய்தியைப் பார்த்து உடனே உயர்த்திவிடாதீர்கள். உயர்த்திய குளத்தை, கணினியைத் தொடங்கிவைக்கும் பழைய லோடருக்குப் படிக்கத் தெரியாமல் போகலாம், திரும்பும் வழியும் அடைபட்டுவிடும். சில வாரங்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு, லோடரையும் புதிதாக்கிய பிறகு செய்யலாம்.

"சொந்தமாக் கட்டினா வைரஸ் பயம் இல்லைங்களே?" என்றும் தம்பி கேட்டார். அப்படி உறுதி சொல்ல முடியாது. யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன், 1984-இல் வெளியான தன் டூரிங் விருது உரையில், மூலநிரலில் ஒரு தடயமும் இல்லாமல் கம்பைலருக்குள்ளேயே கள்ளவழியை ஒளித்துவைக்க முடியும் என்று காட்டினார். 2024 மார்ச் இறுதியில் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளவழி இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃபிராயின்ட் கண்டுபிடித்தார். அதை இயங்கவைக்கும் முக்கியத் துண்டு பொதுக் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது. அந்தத் தொகுப்பை இறக்கிச் சொந்தமாகக் கம்பைல் செய்தவருக்கும் அது வந்திருக்கும். ஃபிரீபிஎஸ்டியின் வளர்ச்சிக் கிளைகளிலும் 5.6.0 சேர்ந்திருந்தது. ஆனால் கள்ளவழியின் துண்டுகள் உள்ளே வரவில்லை. அவர்கள் வெளியாரின் கட்டுமானக் குறிப்புகளைப் பயன்படுத்தாமல் தங்களுடையதை வைத்தே கட்டுகிறார்கள், தாக்குதலுக்கோ அந்த வெளிக் குறிப்புகள் தேவைப்பட்டன. குறியும் லினக்ஸ்மேல்தான். சொந்தமாகக் கட்டுகிறவருக்குக் கிடைப்பது முழுப் பாதுகாப்பு அல்ல. எது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்க்க ஒரு வழி கிடைக்கிறது, அதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

தம்பியைப்போலவே அரசு மடிக்கணினி வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் இருக்கிறார்களாம். ஒவ்வொன்றிலும் இரவெல்லாம் கட்ட வேண்டுமா என்றார். வேண்டாம். வலுவான ஒரே கணினியில் ஒருமுறை கட்டிவிட்டு, அதன் மூலநிரல் அடைவையும் ஆப்ஜ் அடைவையும் என்எஃப்எஸ் வழியாக மற்றவற்றில் இணைத்து, அங்கே இன்ஸ்டால் கட்டளைகளை மட்டும் ஓட்டினால் போதும். கட்டிய கணினியில் இந்த அடைவுகள் எந்தப் பாதையில் இருந்தனவோ அதே பாதையில்தான் மற்றவற்றிலும் இணைக்க வேண்டும். கட்டும்போது குறிப்பிட்ட சிபியு வகை எதையும் அமைப்பில் எழுதியிருக்கக் கூடாது, அல்லது இருப்பதிலேயே பழைய மடிக்கணினியின் வகையை எழுதியிருக்க வேண்டும்.